வாசலில் அடிக்கலாம், மேடையில் கூடாதா?

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

இந்த மாதம் 6-ஆம் தேதி நீங்கள் வெளியிட்ட சுற்றறிக்கையை என் அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அவள் அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரே பக்கம்தான். மூன்று முறை படித்தேன். கலைவிழா மேடையில் இனிமேல் பறை, தப்பு, ஒப்பாரி போன்றவை இடம்பெறக் கூடாது, மங்களகரமான நிகழ்ச்சிக்கு அவை ஏற்றவை அல்ல என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு வரி கீழே, சிறப்பு விருந்தினர்களை நுழைவாயிலில் வரவேற்க மட்டும் தப்பாட்டக் குழுவை அழைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். டிசம்பரில் தமிழ்த்துறை நடத்திவந்த வெண்மணி நினைவுக் கூட்டத்துக்கு அனுமதி இல்லை. அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14 அன்று உறுதிமொழி மட்டும் போதும், பேச்சோ நாடகமோ வேண்டாம். மற்ற நாட்களில் போடும் நாடகங்களுக்கும் முன்கூட்டியே பிரதி கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். அவற்றில் சாதி, மதம், கூலி பற்றிய பேச்சு இருக்கக் கூடாது.

நான் 2003 முதல் 2006 வரை அங்கே பி.ஏ. தமிழ் படித்தவள். இப்போது திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. என் அப்பா தப்படிப்பவர். நம் கல்லூரியின் மேடையிலும் அடித்திருக்கிறார், வாசலிலும் அடித்திருக்கிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் மேடை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்று கடலோரத்து ஊர்களிலிருந்து வந்து படித்த பிள்ளைகள் நம் கல்லூரியில் நிறைய. என் வகுப்பில் ஒருத்திக்கு அம்மாவும் தம்பியும் இல்லாமல் போனார்கள். ஜனவரியில் கல்லூரி திறந்ததும் அவள் வந்தாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், போனாள். அவளிடம் என்ன பேசுவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அந்த வருடம் கலைவிழா கிடையாது என்று முடிவானது. அப்போது எங்கள் தமிழ்ப் பேராசிரியர், அவரை நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம், விழா வேண்டாம், ஆனால் ஒரு நாள் சாயங்காலம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அழவாவது செய்யலாமே என்றார். ஒப்பாரி தெரிந்தவர்கள், கொட்டத் தெரிந்தவர்கள் யாராவது உங்கள் ஊர்களில் இருந்தால் சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்டார்.

என் அப்பா தப்படிப்பவர் என்பது அதுவரை கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது. விவசாயக் கூலி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அது பொய்யும் இல்லை, நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்தான். ஆனால் ஊரில் ஒரு சாவு விழுந்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் வந்து வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர் அப்பாவைவிட இருபது வயது சின்னவராக இருப்பார். எழுந்து போக வேண்டும். வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சி, பிணம் எடுக்கும்வரை வெயிலிலோ பனியிலோ நின்று அடித்து, சுடுகாடு வரை முன்னால் போக வேண்டும். கடைசியில் கொடுக்கிற காசை ஐந்து பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சாப்பாடு கொல்லைப்பக்கம். நான் பத்தாவது படிக்கும்போதிருந்தே அப்பா இதைப் பற்றி என்னிடம் பேசுவதை விட்டிருந்தார். நானும் கேட்பதில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் அம்மாவிடம் போய், "எங்க அப்பா அடிப்பாருங்கம்மா" என்றேன். சொல்லிவிட்டுக் கால் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "காலேஜுல வந்து சாவுக்கொட்டு அடிக்கச் சொல்றியா பாப்பா? நாளைக்கு ஒன்ன யாரு மதிப்பா?" என்று கேட்டார். நான் என் வகுப்புத் தோழியைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அத்தன பேரையும் குழி வெட்டி, கொட்டு இல்லாமயே பொதைச்சுட்டாங்களாமே" என்றார். அடுத்த வாரம் நான்கு பேரோடு வந்தார்.

கல்லூரி கேட்டைத் தாண்டியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பழக்கம். கூட நடந்து வந்த அம்மா, "போட்டுக்குங்க ஐயா, தரை சுடுது" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார். மேடையில் ஐந்து நாற்காலி போட்டிருந்தார்கள். அப்போதைய முதல்வர் ஐந்து பேர் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரோடும் 'அவர்கள்' சேர்த்து ஒலிபெருக்கியில் சொன்னார். அப்பாவின் பெயர் அப்படிச் சொல்லப்பட்டதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

பாடை தூக்கும்போது அடிக்கிற அடியைத்தான் அவர்கள் அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து என் தோழி எழுந்து முன்னால் வந்தாள். மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். கடலோரத்து ஊர்களிலிருந்து வந்திருந்த பெண்கள் சிலர் அவளைச் சுற்றி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டார்கள். அவள் அம்மா பெயரைச் சொல்லி அழுதாள், தம்பி பெயரைச் சொல்லி அழுதாள். அப்பா அவள் அழுகைக்கு ஏற்ப அடியைத் தணித்தார், அவள் குரல் ஏறினால் தானும் ஏற்றினார். கேதத்து வீட்டில் முப்பது வருடம் நின்றவருக்குத்தான் அது வரும். இருட்டும்வரை நடந்தது. எல்லாம் முடிந்து போகும்போது அவள் என்னிடம் வந்து, "ஒங்க அப்பாவா?" என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

மங்களகரமானது அல்ல என்கிறீர்கள். சரிதான். அன்று நம் கல்லூரிக்கு வேண்டியிருந்தது மங்களம் இல்லை. புறநானூற்றின் 194-ஆம் பாட்டில் ஒரு வீட்டில் மணமுழவும் இன்னொரு வீட்டில் சாவுப் பறையும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. அந்தச் சாவுப் பறைக்கு அங்கே நெய்தல் என்று பெயர். கடலோர நிலத்துக்கும் அதே பெயர். இதை நான் நம் கல்லூரி வகுப்பறையில்தான் படித்தேன். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் வைக்கிறது என்பதையும் அங்கேதான் படித்தேன். வகுப்பறையில் நடத்துகிற பாடத்தை மேடைக்கு ஆகாது என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

அந்த மாலைக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கலைவிழாவின் ஒரு நாள் நாட்டுப்புறக் கலைகளுக்கு என்று ஆனது. இருபது வருடம் நடந்திருக்கிறது. மாணவர்களுக்கு அப்பா பல வருடம் வந்து கற்றுக்கொடுத்தார், மூட்டுவலி வந்து நிற்க முடியாமல் போகும்வரை. முதல் தொகுதியில் கற்றுக்கொண்டவர்களில் ஒருத்தி எங்கள் ஊர் மேலத்தெருப் பெண். அவள் வீட்டுக் களத்தில் அப்பா நெல் தூற்றியிருக்கிறார். கல்லூரியில் அவள் அப்பாவை "மாஸ்டர்" என்று கூப்பிட்டாள். தான் தப்புக் கற்றுக்கொள்வதைக் கடைசிவரை அவள் வீட்டில் சொல்லவில்லை, ஊரில் அவளால் சொல்லவும் முடியாது. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஊருக்குள் முடியாத ஒன்று நம் கல்லூரி வளாகத்துக்குள் முடிந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது. எங்கள் பக்கம் யார் நிற்பது, யார் உட்காருவது, யார் தெருவுக்குள் வருவது, யார் கொல்லைப்பக்கம் போவது எல்லாம் யாரும் சொல்லாமலேயே முடிவாகியிருக்கும். அந்த முடிவு செல்லாத ஒரே இடமாக எனக்குத் தெரிந்து நம் கல்லூரி மேடை இருந்தது.

இப்போது வாசல். மூன்று வருடத்துக்கு முன் புதுக் கட்டடத் திறப்புக்கு அப்பாவின் குழுவைக் கூப்பிட்டிருந்தீர்கள். காலை பத்தரைக்கு வரச் சொன்னார்கள். விருந்தினர் வந்தபோது மணி ஒன்று. அதுவரை கேட்டில் நின்றார்கள், நிழல் இல்லை, நாற்காலி இல்லை. கார் வந்தது, கண்ணாடி இறங்கவில்லை, உள்ளே போய்விட்டது. உள்ளே அரங்கத்தில் எல்லாருக்கும் இலைபோட்டுச் சாப்பாடு. இவர்களுக்கு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பொட்டலம். பேசின பணத்தை வாங்க அப்பா மூன்று முறை அலுவலகத்துக்கு நடந்தார். அதே கேட்டில் 2005-ல் செருப்பைக் கையில் எடுத்த மனிதர் அவர். அன்று சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "பழைய எடத்துக்கே வந்தாச்சு பாப்பா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று நான் கடிதம் எழுதியிருக்க வேண்டும். ஏதோ கவனக்குறைவு என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது உங்கள் சுற்றறிக்கை அதையே விதியாக எழுதிவிட்டது.

தப்பு அடிமைத்தனத்தின் அடையாளம், அதை விட்டொழிப்பதுதான் விடுதலை என்று சொல்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். என் அண்ணன் அப்படித்தான். பதினெட்டு வயதில், சாவுக்கு அடிக்கப் போகமாட்டேன் என்று ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் திருப்பூருக்குப் போனவர். இன்றுவரை தப்பைத் தொட்டதில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. 2022-ல் தமிழ்நாடு அரசு தண்டோரா போடும் முறைக்குத் தடை விதித்தபோது எங்கள் தெரு அதை வரவேற்றது. இதைக் காட்டி, அரசே வேண்டாம் என்கிறதே என்று நிர்வாகத்தில் ஒருவர் மாணவர்களிடம் வாதாடியதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் தடை, ஒரு சாதியில் பிறந்தவன் ஊருக்கு ஊழியமாகக் கொட்ட வேண்டும் என்ற கட்டாயத்துக்கு எதிரானது. அண்ணன் மறுத்ததும் அந்தக் கட்டாயத்தைத்தான். உங்கள் சுற்றறிக்கையோ, விரும்பிக் கற்று மேடையில் நின்று அடிப்பதைத் தடுக்கிறது. வாசலில் நின்று பெரியவர்களை வரவேற்கிற பழைய வேலையை மட்டும் அப்படியே வைத்துக்கொள்கிறது. சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு முதலில் எனக்குப் போன் செய்தவர் என் அண்ணன்தான். தப்பைத் தொடாத அவருக்கே இது பொறுக்கவில்லை.

நம் காவிரிக்கரை இந்தச் சண்டையைப் பலமுறை பார்த்திருக்கிறது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதியைத் தன் சொத்தைச் செலவிட்டுக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். அவர் கட்டிய இடத்தில் பெண்கள் பாடக் கூடாது என்று இருந்தது. அவர் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார், பிறகுதான் எல்லாரும் சேர்ந்து பாடும் நிலை வந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, நாகஸ்வரக்காரர்களும் மற்ற வித்வான்களைப் போல மேடையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர். இவர்கள் படங்களை நம் கல்லூரி இசை மன்ற அறையில் மாட்டியிருக்கிறீர்கள். 2025-ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட செய்தி வந்தபோது, அப்பா அந்தப் பத்திரிகைப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டார். குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்குகிற கலைக்கு நம் கலைவிழாவில் இடம் இல்லையாம். அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நாடகப் பிரதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பள்ளியில் படித்துவிட்டு நம் கல்லூரிக்கு வந்த பெண்கள் சிலர் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். அந்தத் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருக்கிறது. மூவலூர் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில். தேவதாசி முறையை ஒழிக்க ஊர் ஊராக நடந்த மனுஷி. 1947-ல் அதற்குச் சட்டம் வந்தபோது அவர் உயிரோடு இருந்து பார்த்தார். தங்களுக்குப் பணம் தருகிற பெயர் யாருடையது என்று தேடிப் படித்த அந்தப் பெண்கள், இருபது நிமிட நாடகம் ஒன்றை எழுதினார்கள். நான் படித்துப் பார்த்தேன். இரண்டு மூன்று இடத்தில் எழுத்துப்பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். அதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 'சாதி சார்ந்த உள்ளடக்கம்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். அம்மையாரின் வாழ்க்கையை சாதியைத் தொடாமல் எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களிடம் இருந்தால் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

வெண்மணிக்கு வருகிறேன். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்ததும்தான் அவர்கள் செய்தது. கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலக்கிழார்கள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். அந்த வருடம் மார்கழி முழுக்கப் பொழுது சாய்ந்தால் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு ஏற்றவில்லை என்று என் அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெளிச்சம் தெரிந்தால் ஆள் இருப்பது தெரியும் என்ற பயம்.

அந்த நினைவுக் கூட்டத்தை 'அரசியல் சாயல் கொண்டது' என்கிறீர்கள். நான் அதில் எட்டு முறையாவது உட்கார்ந்திருக்கிறேன், படிக்கும்போதும், பிறகு முன்னாள் மாணவியாகவும். எந்தக் கட்சிக் கொடியும் அங்கே நான் பார்த்ததில்லை. விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் இரண்டு மணி நேரம். ஒரு வருடம் பொருளியல் துறைப் பிள்ளைகள் மரக்காலும் படியும் கொண்டுவந்து, அந்த அரைப்படி நெல் எவ்வளவு என்று மேசைமேல் அளந்து காட்டினார்கள். இரண்டு கையால் அள்ளிவிடலாம். அதைப் பார்த்துவிட்டு அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளும் அன்று அங்கே இருந்தார்கள். அதில் ஒரு பையன் வெளியே வந்ததும் தன் தாத்தாவைப் பற்றி என்னிடம் பேசினான். என்ன பேசினான் என்று எழுதமாட்டேன், அது அவன் நம்பிச் சொன்னது. ஆனால் வேறு எங்கும் அவன் அதைப் பேசியிருக்க முடியாது. வெண்மணிக்குப் பிறகுதான் விவசாயக் கூலிப் பிரச்சினையை விசாரிக்கக் கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது, 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நம் மாவட்டத்தில், நம் மாணவர்களின் தாத்தா பாட்டி காலத்தில் நடந்தவை இவை. ஒரு கல்லூரி இதைப் பேசாமல் வேறு எதைப் பேசப் போகிறது?

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. போன வருடம் கலைவிழா முடிந்து பேருந்து நிறுத்தத்தில் இரண்டு கூட்டமாக மாணவர்கள் அடித்துக்கொண்டார்கள், ஒருவனுக்குத் தையல் போட்டார்கள், பெற்றோர் வந்து முறையிட்டார்கள். தப்பாட்டம்தான் காரணம் என்று உங்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. அங்கே இருந்த பிள்ளைகள் சொல்வது வேறு. தப்பாட்டம் ஐந்து மணிக்கே முடிந்துவிட்டது. ஏழு மணிக்கு டி.ஜே. நிகழ்ச்சியில் ஒரு கூட்டம் கேட்டு, அவர்கள் சாதியின் பெருமை பேசும் பாட்டு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். மறுபடி மறுபடி போட்டிருக்கிறார்கள். சாதி அடையாளமாகக் கலர் கயிறு கட்டின கைகளைத் தூக்கிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். அப்போதுதான் ஒருவன் இன்னொருவனின் தெருப் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை விட்டான். சண்டை அங்கே தொடங்கியது. இதை விசாரித்தீர்களா? விசாரித்திருந்தால் அறிக்கை எங்கே? சுற்றறிக்கையில் டி.ஜே. பற்றி ஒரு வரியும் இல்லை. கயிறு பற்றியும் இல்லை.

2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் அவன் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியபிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, சாதி அடையாளக் கயிறுகளை நிறுத்தச் சொன்னது. பாடத்திலும் பேச்சிலும் சமத்துவத்தைக் கொண்டுவரச் சொன்னது. சாதியைப் பற்றிப் பேசாமல் இருந்தால் சாதி போய்விடும் என்று அது எங்கும் சொல்லவில்லை. செப்டம்பர் 17 அன்று சமூக நீதி நாள் உறுதிமொழியை நீங்கள் வாசிக்கச் சொல்கிறீர்கள், ஏப்ரல் 14 அன்று சமத்துவ நாள் உறுதிமொழி. ஐந்நூறு பிள்ளைகள் கையை நீட்டி ஒரே குரலில் வாசிக்கிறார்கள். வாசித்ததைப் பற்றி அடுத்த ஐந்து நிமிடம் பேசக் கூடாது என்றால், அந்த உறுதிமொழியைப் பிள்ளைகள் என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்?

நான் கேட்பவை இவை.

6-ஆம் தேதிச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். முழுவதையும். ஒரு வரியை எடுத்து ஒரு வரியை வைக்கிற திருத்தம் வேண்டாம். அப்படித் திரும்பப் பெற முடியாது என்றால், எந்தக் கூட்டத்தில், எந்தப் புகாரின்மேல், யார் முன்மொழிந்து இந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். மாணவர்களையும் முன்னாள் மாணவர்களையும் அழைத்துத் திறந்த கூட்டம் போட்டு எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

டிசம்பர் 23 சாயங்காலம் வெண்மணி நினைவுக் கூட்டத்துக்கு அரங்கத்தைக் கொடுங்கள். தமிழ்த்துறை ஆசிரியர்கள் அனுமதி கேட்டுக் கொடுத்த கடிதம் உங்கள் மேசையில் இருக்கிறது. அவர்களில் இரண்டு பேர் கௌரவ விரிவுரையாளர்கள், வேலை நிரந்தரம் இல்லாதவர்கள். கடிதத்தில் கையெழுத்துப் போட்டதற்காக அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் வரக் கூடாது.

மூவலூர் அம்மையார் நாடகத்துக்கு ஒப்புதல் கொடுங்கள். பிப்ரவரியில் அந்தப் பெண்கள் மேடையேறட்டும்.

கலைவிழாவில் நாட்டுப்புறக் கலைகளுக்கான நாளைப் பழையபடி வையுங்கள். வருகிற கலைஞர்கள் பெயரை அழைப்பிதழில் போடுங்கள். எல்லாரும் சாப்பிடுகிற இடத்தில் அவர்களுக்கும் இலை போடுங்கள். பேசிய தொகையை அன்றே கொடுங்கள். வாசலில் வரவேற்புக்கு என்று மட்டும் ஒரு குழுவைக் கூப்பிடும் வழக்கத்தை நிறுத்துங்கள். மேடையும் உண்டு என்றால் வாசலிலும் மகிழ்ச்சியாக அடிப்பார்கள்.

போன வருடச் சண்டையை முறையாக விசாரித்து அறிக்கையைத் தகவல் பலகையில் ஒட்டுங்கள். டி.ஜே.யில் சாதிப் பெருமைப் பாட்டுப் போடுவதற்குத் தடை போடுங்கள். எல்லா உயர்கல்வி நிறுவனங்களிலும் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டைத் தடுக்கும் அலுவலரும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2012-லேயே விதி கொண்டுவந்தது. நம் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று என் அண்ணன் மகள் அலுவலகத்தில் கேட்டிருக்கிறாள். மூன்று பேர் மூன்று பெயர் சொல்லியிருக்கிறார்கள். அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, என் அப்பாவை ஒரு முறை நேரில் சந்தியுங்கள். அவருக்கு எழுபத்தொரு வயது. மூன்று வருடத்துக்கு முன் கேட்டில் நடந்ததற்கு அவரிடமும் அவரோடு நின்ற நான்கு பேரிடமும் நிர்வாகம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அவர் இதைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். நான் கேட்கிறேன். நாளும் நேரமும் சொன்னால் நானே அழைத்து வருகிறேன். டிசம்பர் 5-க்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி, தமிழ்த்துறை (2003–2006)
திருத்துறைப்பூண்டி வட்டம்